பிரவுனிக்கும் ஒரு பதம் உண்டு

வீட்டில் முதல்முறை பிரவுனி செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, சதுரமாக வெட்டிய சாக்லேட் கேக்தான். வாசம் நன்றாக இருக்கும், சுவையும் மோசமில்லை. ஆனால் ஆசைப்பட்டது அதற்கல்ல. மேலே மெல்லிசான, மினுமினுப்பான ஓடு. பல் பட்டதும் அது நொறுங்க, உள்ளே ஈரமும் கனமுமாய்ச் சாக்லேட். வெட்டும்போது கத்தியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிற துண்டு. கடையில் ஃபட்ஜி பிரவுனி என்று கேட்டு வாங்குவது இதைத்தான்.

கைராசியோ விலை உயர்ந்த பேக்கிங் அடுப்போ (அவன்) இதைத் தீர்மானிப்பதில்லை. மாவு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்ற விகிதமும், அவனிலிருந்து எப்போது வெளியே எடுக்கிறோம் என்ற நேரமும்தான் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால், எந்தச் செய்முறையைப் படித்தாலும் அது கேக்காக வருமா ஃபட்ஜியாக வருமா என்று மாவைத் தொடும் முன்பே சொல்லிவிடலாம். அதனால் அளவுகளுக்குப் போகும் முன் காரணங்களைப் பார்த்துவிடுவோம்.

மாவுதான் முதல் கணக்கு

பவுண்ட் கேக்கின் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது: மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை. அதாவது கலவையில் கால் பங்கு மாவு. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் பிரவுனியில் மொத்தக் கலவை சுமார் 670 கிராம். அதில் மைதா 60 கிராம் மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் வெண்ணெய், சாக்லேட், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் கொக்கோ பவுடர். கேக்குக்கும் பிரவுனிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணிலேயே அடங்கிவிடுகிறது.

காரணம் எளிது. மாவில் இருக்கும் ஸ்டார்ச், சூடேறும்போது பக்கத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி உப்பும். மாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலைப்பின்னலைக் கட்டும். அந்த வலைக்குள் காற்றுக்குமிழ்கள் மாட்டிக்கொள்ள, கலவை எழும்பி, பஞ்சுபோல் மிருதுவாக நிற்கும். கேக்குக்கு அது வேண்டும். நமக்கு வேண்டாம். மாவைக் குறைத்தால் வலை சரியாகக் கட்டாது, தண்ணீரும் உறிஞ்சப்படாமல் உள்ளேயே தங்கும். அந்த ஈரம்தான் நாம் தேடுவது.

அப்படியானால் பிரவுனி துண்டாக நிற்பது எதனால்? சூட்டில் இறுகும் முட்டையின் புரதம் ஒரு காரணம். இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஆறிய பிறகு உறையும் கொழுப்பு. சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகக்கூடியது. அதற்குக் கீழே போனால் கெட்டியாகும். பாலின் வெண்ணெயும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில்தான் இளகும். எனவே அவனிலிருந்து எடுத்த சூட்டில் குழகுழவென்று இருக்கும் பிரவுனி, குளிர்ந்த பிறகுதான் தன் உண்மையான பதத்துக்கு வரும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் அறையின் வெப்பமே 34 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அங்கே மேசையில் வைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தக் கொழுப்பு உறையாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும். அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் இதைக் கட்டாயமாகச் சொல்வதில்லை. அவர்கள் சமையலறைக்கு அந்தத் தேவை இல்லை.

இது அவர்களுடைய பண்டம்தான். சிகாகோவில் 1893-ல் நடந்த உலகக் கண்காட்சியின்போது, பெர்த்தா பால்மர் என்ற சீமாட்டி, பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போகும்படி கேக் துண்டைவிடச் சிறிதான ஓர் இனிப்பு வேண்டும் என்று தன் கணவரின் பால்மர் ஹவுஸ் விடுதியின் சமையல்காரர்களிடம் கேட்டதாகவும், வால்நட் தூவி ஆப்ரிகாட் பாகு பூசிய சாக்லேட் துண்டை அவர்கள் செய்து தந்ததாகவும் அந்த விடுதி சொல்லிவருகிறது. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற சமையல் ஆசிரியை ஃபேன்னி ஃபார்மர் 1906-ல் வெளியிட்ட செய்முறையைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: 1 கப் சர்க்கரைக்கு அரை கப் மாவுதான், பேக்கிங் பவுடர் கிடையவே கிடையாது. நூறு வருடத்துக்கு முன்பே விகிதத்தைப் பிடித்துவிட்டார்கள்.

பேக்கிங் பவுடர், சமையல் சோடா இரண்டையும் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஃபட்ஜி பிரவுனிக்கு இரண்டும் வேண்டாம்.

சாக்லேட் வாங்கும்போது

இங்கேதான் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பேன். பேக்கிங் சாமான் கடையில் டார்க் சாக்லேட் என்று கேட்டால் பெரும்பாலும் டார்க் காம்பவுண்ட் என்ற கட்டியைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். விலை குறைவு, வெயிலில் சட்டென்று இளகாது. காரணம், அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனை வகை எண்ணெய்களிலிருந்து எடுத்த கெட்டிக் கொழுப்பு இருக்கிறது. கேக்கின் மேல் அலங்காரத்துக்கு அது வசதியானது. பிரவுனிக்குள் போனால் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு படிந்ததுபோல் ஓர் உணர்வு தங்கும். கொக்கோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகுவதால் நாக்கில் வைத்ததும் கரைந்துபோகும். காம்பவுண்டின் கொழுப்பு அவ்வளவு சுத்தமாகக் கரைவதில்லை.

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்களின் பட்டியலில் கொக்கோ மாஸ், கொக்கோ பட்டர் என்று இருந்தால் அது உண்மையான சாக்லேட். ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தால் காம்பவுண்ட். கொக்கோ 55 முதல் 70 சதவீதம் வரை உள்ளது போதும். பேக்கிங் கடைக்கே போக வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண 55 சதவீத டார்க் சாக்லேட் பார் நன்றாகவே வேலை செய்யும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. அந்தக் கொக்கோவில் செய்த சாக்லேட் கிடைத்தால் ஒருமுறை அதிலும் செய்துபாருங்கள். ஒவ்வொரு மண்ணின் கொக்கோவுக்கும் தனிச் சுவை உண்டு. பிரவுனியில் அது மறைந்துபோகாது.

கொக்கோ பவுடர் இரண்டு வகை. கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டு அப்படியே பொடித்தது இயற்கை வகை. லேசான புளிப்பும் பழுப்பு நிறமும் இருக்கும். காரப்பொருள் சேர்த்துப் புளிப்பை எடுத்தது டச்சு வகை. நிறம் அடர்த்தி, சுவை மென்மை. இரண்டாவது முறையைக் கொண்டுவந்தவர் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கூன்ராட் வான் ஹூட்டன் என்ற டச்சுக்காரர். கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் இயந்திரத்துக்கு 1828-ல் காப்புரிமை வாங்கியதும் அந்தக் குடும்பம்தான். டப்பாவில் அசிடிட்டி ரெகுலேட்டர் 501 என்றோ 500 என்றோ போட்டிருந்தால் அது டச்சு வகை. சோடா சேர்க்கும் கேக்குகளில் இந்த வேறுபாடு பெரிது, ஏனென்றால் சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். நாம் சோடா போடுவதில்லை. எது கையில் இருக்கிறதோ அதைப் போடலாம். எனக்கு டச்சு வகையின் கருமை பிடிக்கும். சர்க்கரை சேர்த்த டிரிங்கிங் சாக்லேட் பவுடரை மட்டும் கொக்கோ என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. 200 கிராம் சர்க்கரை என்றதும் கை தயங்கும், பாதியாகக் குறைத்துவிடத் தோன்றும். சர்க்கரை இங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை என்பதுதான் சிக்கல். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்டார்ச் உப்புவதையும் முட்டைப் புரதம் இறுகுவதையும் தாமதப்படுத்தும். பிரவுனி உலராமல் இருப்பதில் சர்க்கரைக்கு வெண்ணெய் அளவுக்குப் பங்கு உண்டு. பாதியாகக் குறைத்தால் இனிப்பு குறைந்த பிரவுனி கிடைக்காது. உலர்ந்த பிரவுனிதான் கிடைக்கும். இனிப்பு அதிகம் என்று தோன்றினால் சாக்லேட்டை 70 சதவீதத்துக்கு மாற்றுங்கள், சிறிய துண்டாக வெட்டுங்கள். 200-ஐ 170 ஆக்குவதில் தவறில்லை. அதற்குக் கீழே போக வேண்டாம்.

மேலே வரும் அந்த மினுமினுப்பான ஓடும் சர்க்கரையின் வேலைதான். முட்டையின் புரதமும் அதில் முழுமையாகக் கரைந்த சர்க்கரையும் கலவையின் மேல்பரப்புக்கு வந்து, சூட்டில் உலர்ந்து, மெல்லிய படலமாகிறது. கரைந்த என்ற சொல்லைக் கவனியுங்கள். பரல் பரலாகக் கிடந்தால் படலம் மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்: அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை கரையும். வெண்ணெயில் 16 சதவீத அளவுக்குத் தண்ணீர். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். நம் செய்முறையில் இவை எல்லாம் சேர்ந்தால் சுமார் 100 கிராம் தண்ணீர் வரும். 200 கிராம் சர்க்கரை கரைய அது சரிக்குச் சரி. மிச்சம் மீதி இல்லை. அதனால்தான் சர்க்கரையைப் பொடித்துச் சேர்ப்பதும், முட்டையோடு நன்றாக அடிப்பதும், கலவை வெதுவெதுப்பாக இருப்பதும் முக்கியம். நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரை பரல் பெரியது. மிக்ஸியில் இரண்டு சுற்று ஓடவிட்டால் போதும். மாவாக அரைக்க வேண்டாம், மெல்லிய ரவை அளவுக்கு வந்தால் சரி.

நாட்டுச்சர்க்கரை போடலாமா என்றால், நான்கில் ஒரு பங்குக்குப் போடலாம். அதிலிருக்கும் ஈரமும் வெல்லப்பாகின் தன்மையும் பிரவுனியைக் கொஞ்சம் இழுவையாக்கும், வாசமும் நன்றாக இருக்கும். முழுவதும் நாட்டுச்சர்க்கரை என்றால் ஓடு மங்கிவிடும், சாக்லேட்டின் சுவையையும் வெல்லத்தின் வாசம் அமுக்கிவிடும்.

வெண்ணெய், முட்டை, மற்றவை

உப்பில்லாத வெண்ணெய் சிறந்தது. உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனியாக உப்புச் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான். நெய்யை மாற்றாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அதில் தண்ணீர் இல்லை, மேலே சொன்ன கணக்கு கெட்டுவிடும், நெய் மணமும் சாக்லேட்டோடு மல்லுக்கு நிற்கும். வெண்ணெயில் கால் பங்கைச் சூரியகாந்தி எண்ணெயாக மாற்றினால் பிரவுனி குளிரிலும் கல்லாக இறுகாமல் மெல்லுவதற்கு இதமாக இருக்கும், ஏனென்றால் அந்த எண்ணெய் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் உறைவதில்லை.

முட்டையில் வெள்ளைக்கரு தூக்கிவிடும், உலர்த்தும். மஞ்சள் கரு கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் இணைத்து வழவழப்பைத் தரும். இரண்டு முழு முட்டையோடு கூடுதலாக ஒரு மஞ்சள் கரு சேர்ப்பதன் காரணம் இதுதான். குளிர்ந்த முட்டை வேண்டாம். உருகிய சாக்லேட்டில் அது பட்டால் கொழுப்பு ஆங்காங்கே உறைந்து கலவை கரடுமுரடாகிவிடும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

காபி சாக்லேட்டுக்கு நல்ல கூட்டாளி. காபிச் சுவை தனியாகத் தெரியாது. சாக்லேட்டின் கசப்பும் ஆழமும் மட்டும் கூடும். அமெரிக்கர்கள் எஸ்பிரெசோ பொடி போடுவார்கள். நம் வீட்டில் காலையில் இறக்கிய முதல் டிகாக்‌ஷன் ஒரு மேசைக்கரண்டி இருந்தாலே போதும். அதை எப்போது ஊற்றுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். தனியாக உருகும் சாக்லேட்டில் சில துளி தண்ணீர் விழுந்தால் போதும், அதிலிருக்கும் சர்க்கரையும் கொக்கோத் துகள்களும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகத் திரண்டுவிடும். வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்ந்து முழுதாக உருகிய பிறகு ஊற்றினால் பிரச்சினை இல்லை. இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு தேக்கரண்டி என்றால் அந்தக் கவலையும் இல்லை.

அளவும் செய்முறையும்

எட்டு அங்குலச் சதுர டின்னுக்கு: உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், டார்க் சாக்லேட் 150 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 2, கூடுதலாக மஞ்சள் கரு 1, மைதா 60 கிராம், கொக்கோ பவுடர் 25 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, காபி மேலே சொன்னபடி. சிறிய ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார அவன்) வைத்திருப்பவர்களிடம் ஆறு அங்குல டின்தான் இருக்கும். அதற்கு எல்லாவற்றையும் பாதியாக்கி, ஒரு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும் போட்டால் சரியாக வரும்.

தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாவுப் பையில் கப்பை அழுத்தி மொண்டால் ஒரு கப் மைதா 150 கிராம் வரை போகும். கரண்டியால் மெதுவாகப் போட்டு நிரப்பினால் 120 கிராம். மொத்தமே 60 கிராம் மாவு போடும் பண்டத்தில் 15 கிராம் கூடினால் கால் பங்கு கூடிவிட்டது. பிரவுனி கேக்காக மாறிப்போவதற்கு, அதிக நேரம் வேகவிடுவதற்கு அடுத்தபடியாக இதுதான் காரணம். சாதாரண சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

முதலில் அவனை 175 டிகிரிக்குச் சூடுபடுத்தப் போடுங்கள். ஓடிஜி என்றால் மேல் கீழ் இரண்டு ராடும், நடுத் தட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம். காற்றாடி ஓடும் கன்வெக்‌ஷன் முறை என்றால் 160 டிகிரி. டின்னில் பேக்கிங் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள். பிறகு அதைப் பிடித்துத்தான் மொத்தப் பிரவுனியையும் தூக்கப்போகிறீர்கள். அலுமினிய டின் நல்லது. கண்ணாடிப் பாத்திரம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால், வெளியே எடுத்த பிறகும் ஓரங்கள் வெந்துகொண்டே இருக்கும்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தீயைக் குறையுங்கள். அதன் மேல், தண்ணீரைத் தொடாதபடி இன்னொரு பாத்திரத்தை வைத்து, நறுக்கிய வெண்ணெயையும் சாக்லேட்டையும் போட்டுக் கிளறிக் கிளறி உருக்குங்கள். முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிடலாம், மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். கொக்கோ பவுடரைச் சலித்து இப்போதே இதில் சேருங்கள். மாவோடு சேர்க்கலாமே என்று தோன்றும். சூடான கொழுப்பில் நனைந்தால்தான் கொக்கோவின் மணம் முழுதாக வெளிவரும், கட்டியும் தட்டாது. காபியும் வெனிலாவும் இங்கேயே. விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறட்டும்.

வேறொரு பெரிய பாத்திரத்தில் முட்டை, மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு. எலெக்ட்ரிக் பீட்டரில் நாலைந்து நிமிடம் அடியுங்கள். கையால் என்றால் அதைப்போல இரு மடங்கு நேரம். நிறம் வெளுத்து, கெட்டியாகி, பீட்டரைத் தூக்கினால் நாடாவாக விழ வேண்டும். இரண்டு விரலுக்கு இடையே ஒரு சொட்டைத் தேய்த்துப் பாருங்கள். பரல் தட்டுப்படவில்லை என்றால் சர்க்கரை கரைந்துவிட்டது, ஓடு வரும் என்று நம்பலாம். காற்று ஏறினால் கேக்காகிவிடாதா என்று சந்தேகம் வரும். சாக்லேட்டின் கனம் பாதிக் காற்றை இறக்கிவிடும்; மீதியைத் தாங்கிப் பிடிக்க மாவும் போதாது. அதனால் பயப்பட வேண்டாம்.

வெதுவெதுப்பான சாக்லேட்டை இதில் ஊற்றி, சிலிக்கான் கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். மைதாவைச் சலித்துத் தூவி, வெள்ளை மறையும் வரை மட்டும் புரட்டுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். மாவு போட்ட பிறகு கலக்கக் கலக்கக் குளூட்டன் வளரும். வால்நட்டோ சாக்லேட் துண்டுகளோ போடுவதென்றால் இப்போது ஒரு கைப்பிடி. டின்னில் ஊற்றிச் சமப்படுத்துங்கள். கலவை ஓடாமல், தள்ளித் தள்ளிப் பரப்ப வேண்டிய கெட்டியில் இருக்கும். அது சரியான பதம்தான்.

எடுக்கும் நேரம்

மைசூர்பாகு கிளறுகிறவர்கள் கண்ணை எடுக்காமல் நிற்பது கடைசி ஒரு நிமிடத்துக்காகத்தான். அந்த நிமிடம் தப்பினால் அதுவரை செய்ததெல்லாம் வேறு பண்டமாகிவிடும். பிரவுனியிலும் அப்படி ஒரு நேரம் உண்டு. இருபத்திரண்டாவது நிமிடத்திலிருந்து அவன் பக்கத்திலேயே இருங்கள். எட்டு அங்குல டின்னுக்குப் பெரும்பாலும் 22-லிருந்து 28 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு அங்குலத்துக்கு 18-லேயே பார்க்கத் தொடங்க வேண்டும்.

ஓரங்கள் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு எழும்பி, இறுகி, லேசாக வெடித்திருக்கும். மேலே பளபளப்பு வந்திருக்கும். டின்னை மெதுவாக அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாகத் தளும்பும். பல்குத்தும் குச்சியை ஓரத்துக்கும் மையத்துக்கும் நடுவே செருகினால், ஈரமான பிசிறுகள் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பளபளவென்று மாவுக் குழம்பாக வழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். குச்சி சுத்தமாக வந்தால் நேரம் தாண்டிவிட்டது. கேக்குக்குச் சுத்தமான குச்சியே அடையாளம் என்று பழகிய கண்ணுக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினம். பிரவுனியை விடாமல் கேக்காக்குவது அந்தப் பழக்கம்தான். சாக்லேட் துண்டு போட்டிருந்தால் குச்சி அதில் குத்தி ஏமாற்றிவிடும், வேறொரு இடத்திலும் குத்திப் பாருங்கள்.

பச்சையாக இருக்குமோ என்ற அச்சம் வேண்டாம். வெளியே எடுத்த பிறகும் டின்னின் சூட்டில் சில நிமிடம் வெந்துகொண்டிருக்கும், ஈரமான பிசிறு வரும் நிலையில் முட்டை ஏற்கெனவே இறுகியிருக்கும். எடுத்ததும் டின்னைத் துணியால் பிடித்து, மேடையில் கட்டைப் பலகை மேல் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். உள்ளே மீதியிருக்கும் காற்று இறங்கி, நடுப்பகுதி அடர்த்தியாகும். ஓட்டில் அழகாக விரிசல் விழும்.

வீட்டு அவன்களின் குமிழில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. 175 என்று வைத்தால் உள்ளே 155-ஓ 195-ஓ இருக்கலாம். சில நூறு ரூபாய்க்கு அவன் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அடிக்கடி பேக்கிங் செய்வதென்றால் சாக்லேட்டுக்கு அடுத்து அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

குக்கரிலோ கனமான வாணலியிலோ செய்யலாமா என்றால், வேகும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஸ்டாண்ட் வைத்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு டின்னை வைக்க வேண்டும். ஆனால் அங்கே மேலிருந்து சூடு வராது, மூடிக்குள் ஆவி தங்கும். உலர்ந்தால்தான் ஓடு பளபளக்கும். ஆவியில் அது நடக்காது. உள்ளே நன்றாக இருக்கும், மேலே மினுமினுப்பை எதிர்பார்க்காதீர்கள்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

கேக்குக்கு முட்டையில்லாமல் செய்வதைவிடப் பிரவுனிக்குச் செய்வது சுலபம், ஏனென்றால் இங்கே எதுவும் எழும்ப வேண்டியதில்லை. ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும். இணைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். கண்டென்ஸ்டு மில்க் சேர்த்தும் செய்கிறார்கள், ஈரப்பதம் அருமையாக வரும். அதில் 40 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, தனியாகப் போடும் சர்க்கரையை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். தயிரும் சோடாவும் சேர்க்கும் செய்முறைகள் நிறையக் கிடைக்கும். அவை சுவையான கேக்கைத் தரும், ஃபட்ஜியாக வராது.

ஓடு வேண்டுமென்றால் முட்டையில்லாமல் ஒரே வழிதான் எனக்குத் தெரிந்து ஓரளவு கைகொடுக்கும்: கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். அதிலிருக்கும் புரதமும் ஸ்டார்ச்சும் முட்டை வெள்ளைக்கருபோல நுரைக்கும். உப்புப் போடாமல் வேகவைத்து, தண்ணீரைச் சுண்டவிட்டு, குளிரவைத்து, வெண்டைக்காய்ச் சாறு அளவுக்கு வழவழப்பானதும் சர்க்கரையோடு பீட்டரில் அடிக்க வேண்டும். ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி என்ற கணக்கு. பொறுமை வேண்டும், ஆனால் மேலே படலம் வருவதைப் பார்க்கும்போது அந்தப் பொறுமை வீணில்லை என்று தெரியும்.

ஆறவைத்து வெட்ட

டின்னிலேயே ஒரு மணி நேரம் ஆறட்டும். பிறகு டின்னோடு குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது மூன்று மணி நேரம். இரவு முழுதும் இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் சாக்லேட்டின் சுவையும் கூடியிருக்கும். பேப்பரைப் பிடித்துத் தூக்கி, பலகையில் வைத்து, நீளக் கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கித் துடைக்க வேண்டும். எட்டு அங்குல டின்னில் பதினாறு துண்டு வரும். இது கனமான இனிப்பு, அந்த அளவே ஒருவருக்கு நிறைவாக இருக்கும்.

காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்கூடத் தாங்கும். பரிமாறுவதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுத்து வைத்தால் போதும். சூடாக வேண்டும் என்பவர்களுக்கு மைக்ரோவேவில் பத்து விநாடி வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் போட்டுக் கொடுங்கள்.